வறண்ட ஊரில் ஒரு பெரணிச் செடி

(தாவரவியல் ஆசிரியை)

சென்ற ஆண்டு நம் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில், மேல்வகுப்பு மாணவியர் சிலர் பத்துப் பன்னிரண்டு மண்தொட்டிகளில் பெரணிச் செடிகளை வளர்த்து வரிசையாக வைத்திருந்தனர். பார்க்க வந்தவர்களெல்லாம் அங்கே சற்று நின்று, அந்தப் பச்சையைப் பார்த்துக் கண் குளிர்ந்து போனார்கள். ஆனால் ஒரு தாய் மட்டும் என்னருகில் வந்து, "ஏன் டீச்சர், சித்திரை வைகாசியில் குடிதண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்து நிற்கிறோம். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு மலைநாட்டுச் செடியை வளர்க்கச் சொல்லிக் கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

அவர் குரலில் கேலி இல்லை; உண்மையான கவலை இருந்தது. கூட்டத்தில் நின்றுகொண்டு என்னால் அதற்குச் சரியாகப் பதில் சொல்ல இயலவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று சிஸ்டர் கேட்டபோது, அந்தத் தாய்க்கு நான் தர வேண்டிய விடையையே எழுதிவிடலாம் என்று அமர்ந்தேன்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் வாழும் ஒரு பெண், தன் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெரணியையாவது வளர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் அதை மூன்று நிபந்தனைகளோடு செய்ய வேண்டும். நல்ல குடிநீரை அதற்கு ஊற்றலாகாது. மலையிலிருந்து பிடுங்கி வரலாகாது. செடி வாடினால் அதன் மேல் பழி போடாமல், எதனால் வாடியது என்று கேட்க வேண்டும். இந்த மூன்றையும் கடைப்பிடித்தால், பெரணி ஆடம்பரம் ஆகாது; அது ஒரு பாடப்புத்தகம்.

பெரணி அன்னியமா?

பெரணி என்றால் கொடைக்கானல், ஊட்டி என்றே பலர் நினைக்கின்றனர். மலைகளில் அது மிகுதி என்பது உண்மையே. கர்னல் பெடோம் என்ற ஆங்கிலேய வன அதிகாரி 1863-ல் தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களோடு நூலாக வெளியிடத் தொடங்கினார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் இயேசு சபைக் குரு வி. எஸ். மாணிக்கம் அடிகளார், இருதயராஜ் அவர்களுடன் சேர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணி இனங்களைத் தொகுத்து 1992-ல் பெரிய நூல் ஒன்றைத் தந்தார். ஒரு குருவானவர் மலை மலையாக ஏறி, பூக்காத செடிகளைத் தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டார் என்பதை நம் மாணவியர் அறிய வேண்டும்.

ஆனாலும் பெரணி மலைக்கு மட்டும் சொந்தமானதன்று. நம் பாட்டிமார் வயல் வரப்பில் கிள்ளி வந்து சமைத்த ஆரைக்கீரையை எண்ணிப் பாருங்கள். ஒரு காம்பின் நுனியில் நான்கு இலைகள் சிலுவை வடிவில் விரிந்திருக்குமே, அது பெரணிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதன் இளந்தளிர் நத்தை ஓடு போலச் சுருண்டு வெளிவருவதைக் கண்டால் உங்களுக்கே புரியும். மாட்டுத் தீவனத்துக்காகத் தொட்டியில் வளர்க்கிறார்களே அசோலா, அதுவும் நீரில் மிதக்கும் பெரணியே. அதன் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப்பாசி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அதற்குக் கொடுக்கிறது. அதனால்தான் நெல்வயலுக்கு அது உரமாகிறது.

நம் ஊரின் கரட்டுப் பாறை இடுக்குகளிலும் பழஞ்சுவர்களிலும் மயில்சிகை என்ற சிறு பெரணி உண்டு. மயிலின் கொண்டையைப் போன்ற விசிறி இலை. வெயில் ஏறினால் காய்ந்து சுருங்கி இறந்துபோனது போல் கிடக்கும். மழை பெய்தால் மறுபடி விரியும். வறட்சியைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்கும் பெரணி நம் ஊரிலேயே உண்டு என்றால், பெரணி நமக்கு அன்னியம் என்று எப்படிச் சொல்வது? இலங்கைத் தமிழர் பெரணியைப் 'பன்னம்' என்று அழைக்கின்றனர். அதுவும் அழகிய பெயரே.

பழமையிலும் இந்த மண்ணுக்குப் பெருமை உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறதே, அதை 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பூவாத கூம்புமர வகை அது. தெரணியின் களிமண் படிவுகளிலும் பழங்கால இலைகளின் அச்சுகள் கிடைக்கின்றன. அவற்றுள் டைலோஃபில்லம் என்ற ஒன்றை முதலில் பார்ப்பவர் யாரும் பெரணி என்றே சொல்வர். உண்மையில் அது அழிந்துபோன வேறொரு தாவர வகுப்பைச் சேர்ந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் படிந்த அதே கிரீத்தேசியக் காலத்தில்தான், பூக்கும் மரங்கள் உலகெங்கும் பரவின. அவற்றின் நிழலில் இன்றைய பெரணி இனங்களில் பெரும்பாலானவை பல்கிப் பெருகின என்று 2004-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தன்னைவிட உயர்ந்து வளர்ந்தவரின் நிழலைக் குறையாக எண்ணாமல், அந்த நிழலிலேயே தழைத்த செடி அது!

பூவில்லை, விதையில்லை

பெரணிக்குப் பூவும் இல்லை, காயும் இல்லை. இலையின் அடியில் பழுப்பு நிறப் புள்ளிகள் வரிசையாகத் தோன்றும். "பூச்சி விழுந்துவிட்டது" என்று அவற்றை நகத்தால் சுரண்டிப் போட்டவர்களை நான் அறிவேன். அவை நோயல்ல, வித்துத்தூள் பைகள். தூசி போன்ற அத்தூள் ஈரமான இடத்தில் விழுந்தால் நகக்கண் அளவில் இதய வடிவமுள்ள ஒரு பச்சைத் தகடு முளைக்கும். அத்தகட்டின் மேல் ஒரு படலம் அளவுக்காவது தண்ணீர் இருந்தால்தான் ஆண் அணு நீந்திச் சென்று கருவுறச் செய்ய முடியும். பிறகே நாம் காணும் பெரணி எழும். இந்த இரகசியத்தை 1851-ல் தெளிவாக்கியவர் ஹோஃப்மைஸ்டர் என்ற ஜெர்மானியர். அவர் பல்கலைக்கழகத்தில் பயிலாதவர். புத்தகக்கடை வேலையோடு வேலையாக நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துக் கற்றவர். வசதியில்லை என்று படிப்பை விட எண்ணும் மாணவியர் இவரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு துளி நீரின்றி அடுத்த தலைமுறை இல்லை என்பதே பெரணியின் வாழ்க்கை. தண்ணீரின் அருமையை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் செடி வேறு எது?

என் முதல் தோல்வி

ஆசிரியை எழுதுகிறாரே, இவர் கை பட்டதெல்லாம் தழைக்கும் போலும் என்று எண்ணிவிடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் மலைச் சுற்றுலா ஒன்றில், சாலையோரத்தில் விற்ற ஒரு பெரணியை ஆசையோடு வாங்கி வந்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று மொட்டைமாடிப் படியருகில் வைத்தேன். ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் காலையும் மாலையும் ஊற்றினேன். மூன்றே வாரத்தில் இலை நுனிகள் கருகின. மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்குப் படிந்தது. அக்கினி நட்சத்திரம் வருமுன் செடி முழுவதும் சருகாயிற்று.

அதை எறியப் போனபோது, மடத்தில் தோட்டத்தைக் கவனித்து வந்த வயதான சிஸ்டர் ஒருவர் தடுத்தார். "சருகை வெட்டிவிடம்மா. தொட்டியைக் கிணற்றடி நீர்த்தொட்டிக்குப் பின்னால், நிழலில் வை. கொஞ்சம் பொறுத்திரு" என்றார். மழைநீரைப் பிடித்து வைத்து அளவாக ஊற்றிவந்தோம். ஒன்றரை மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலையில், சுருட்டி மடக்கிய விரல் போல ஒரு தளிர் தலைகாட்டியது! பெரணியின் உயிர் இலையில் இல்லை, மண்ணுக்குள் கிடக்கும் தண்டில் இருக்கிறது என்று வகுப்பில் நூறு முறை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அதை நான் கற்றுக்கொண்டேன்.

வளர்க்கும் முறை

இனி, விரும்புவோருக்காகச் செய்முறையைக் கூறுகிறேன்.

இடம்: வடக்குப் பார்த்த தாழ்வாரம் மிக நல்லது. காலை இளவெயில் படலாம், உச்சிவெயில் ஆகாது. மாமரத்தடியிலும் வைக்கலாம். அனல்காற்று அடிக்கும் சன்னலோரமும், மின்விசிறிக்கு நேர் கீழும் வேண்டாம்.

தொட்டி: பிளாஸ்டிக்கைவிட மண்தொட்டி மேல். அது நீர் கசிந்து, குடிநீர்ப் பானை குளிர்வது போலவே வேரைக் குளிர்விக்கும். கோடையில் அத்தொட்டியை அதனினும் பெரிய தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணலிட்டு நனைத்து வையுங்கள். செடியைச் சுற்றி ஈரப்பதம் நிலைக்கும். நாலைந்து தொட்டிகளை நெருக்கி வைத்தாலும் அவை ஒன்றுக்கொன்று ஈரம் கொடுத்துக்கொள்ளும். கூட்டுக் குடும்பம் போல.

மண்: நம் வயல் கரிசல் தனியாக உதவாது. அது நனைந்தால் இறுகி வேரை மூச்சுமுட்டச் செய்யும், காய்ந்தால் வெடிக்கும். நன்கு மட்கிய இலைத்தழை ஒரு பங்கு, இரண்டு மூன்று முறை அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, செம்மண் அரைப் பங்கு, பொடித்த செங்கல்லும் அடுப்புக்கரியும் அரைப் பங்கு எனக் கலந்தால் போதும். அடியில் ஓட்டுச்சில்லு போட மறக்க வேண்டாம்.

நீர்: இதுவே முதன்மை. அந்தத் தாயின் கேள்விக்கு விடையும் இங்கேதான் உள்ளது. ஒரு தொட்டிக்கு நாளொன்றுக்கு ஒரு செம்புக்கு மேல் வேண்டியதில்லை. மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து ஈரம் குறைந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். அந்த ஒரு செம்பையும் குடத்திலிருந்து எடுக்கத் தேவையில்லை. காய்கறி அலசிய நீர், இடையிடையே அரிசி களைந்த நீர், குளிரூட்டிப் பெட்டி உள்ள வீடுகளில் குழாய் வழியே வீணாகச் சொட்டும் நீர் ஆகியவை போதும். குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லாததால் பெரணிக்கு அது மழைநீருக்கு நிகர். நம் பகுதி ஆழ்குழாய் நீரிலோ சுண்ணாம்புச் சத்து மிகுதி. அந்த வெள்ளைப் பொருக்கு நம் வீட்டுப் பாத்திரத்தில் படிவதும் அதனால்தான்.

உரம்: மாதம் ஒருமுறை, நன்கு நீர்த்த சாணக்கரைசல். அதிகம் வேண்டாம். பூச்சிமருந்து பெரணிக்கு நஞ்சாகலாம். மாவுப்பூச்சி வந்தால் ஈரப் பஞ்சால் துடைத்தெடுங்கள். சிமெண்ட் தூசி, சாலைத்தூசி படியும் வீதிகளில் உள்ளவர்கள், வாரம் ஒருமுறை இலைமேல் நீர் தெளித்துக் கழுவினால் நல்லது.

எதை வளர்ப்பது? முதலில் வாளிலைப் பெரணி எனப்படும் நெஃப்ரோலெப்பிஸ். தவறுகளை மிகவும் பொறுத்துக்கொள்ளும். நூல்போன்ற ஓடுதண்டுகளை விட்டுத் தானே குட்டி போடும். ஒரு தோழி ஒரு தொட்டி வாங்கினால் அடுத்த ஆண்டு நான்கு தோழியருக்குப் பகிரலாம். அடுத்து, பறவைக்கூட்டுப் பெரணி. கருங்காம்பும் மெல்லிய இலையும் கொண்ட அடியாண்டம் பேரழகு. ஆனால் ஒரு நாள் மறந்தாலும் முகம் சுளிக்கும். பூச்செண்டுகளில் பூவோடு சேர்த்துக் கட்டும் மென்பஞ்சு போன்ற 'பெரணி' உண்மையில் பெரணியே அன்று. பூத்துக் காய்க்கும் அஸ்பாரகஸ் செடி அது.

தூளிலிருந்து வளர்த்துப் பார்க்க விரும்பும் மாணவியர், ஒரு செங்கல்லைக் கொதிநீரில் ஊறவைத்து ஆற்றி, தட்டில் நீரிட்டு அதில் நிறுத்தி, பழுத்த இலையின் தூளை அதன்மேல் தூவிக் கண்ணாடிச் சாடியால் மூடி நிழலில் வைக்கலாம். சில வாரங்களில் செங்கல் பச்சை பூசும். பொறுமையே இதற்கு வேண்டிய உரம்.

பொய்ப் பெருமை வேண்டாம்

வீட்டில் பெரணி வைத்தால் காற்றிலுள்ள நஞ்செல்லாம் நீங்கிவிடும் என்று விற்பவர்கள் கூறுகின்றனர். 1989-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் செய்த சோதனையை ஆதாரமாகக் காட்டுவர். ஆனால் இத்தகைய சோதனைகளையெல்லாம் 2019-ல் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள், சாதாரண வீட்டில் சன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10 செடிகளாவது வேண்டும் என்று கண்டனர். ஆகவே நோயைப் போக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். ஒரு நல்ல காரியத்துக்குப் பொய்யான காரணம் காட்டுவது, அந்தக் காரியத்துக்கே தீமை.

புகைக்கும் பெரணிக்கும் வேறொரு கதை உண்டு. இலண்டன் மாநகரின் ஆலைப்புகையில் தம் பெரணிகள் மாண்டுபோவதைக் கண்டு வருந்திய வார்டு என்ற மருத்துவர், 1829-ல் ஒரு அந்துப்பூச்சிக் கூட்டை ஈரமண்ணிட்ட மூடிய பாட்டிலில் வைத்திருந்தார். அதில் அவர் விதைக்காமலே ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. அதிலிருந்து பிறந்தது கண்ணாடிச் செடிப்பெட்டி. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்ததும் அத்தகைய பெட்டிகளில்தான். ஆனால் அதே கண்டுபிடிப்பு இங்கிலாந்தில் பெரணிப் பித்தையும் கிளப்பிவிட்டது. வீட்டுக் கூடத்தை அழகு செய்யக் காடுகளில் பெரணிகளைக் கூடை கூடையாகப் பிடுங்கினர். சில அரிய இனங்கள் பல இடங்களில் அற்றேபோயின.

இது தூரத்து நாட்டுக் கதை என்று தள்ள வேண்டாம். கொல்லிமலைக்குச் சுற்றுலா போனவர்கள் முடவாட்டுக்கால் சூப் குடித்துத் திரும்பியிருப்பீர்கள். ஆட்டுக்கால் போல உரோமம் மூடிய அந்தக் 'கிழங்கு', ட்ரைனேரியா என்ற பெரணியின் தண்டு. பாறையிலும் மரத்திலும் ஒட்டி மெதுவாக வளர்வது. காய்ந்த பழுப்பு இலைகளால் தனக்குத்தானே கூடை கட்டி, அதில் விழும் சருகையே உரமாக்கிக்கொள்வது. மலைவாழ் மக்கள் தங்கள் தேவைக்கு எடுத்தது வேறு. வண்டி வண்டியாக வரும் நமக்காக எடுப்பது வேறு. நம் பச்சைமலையிலும், லாடபுரத்து மயிலூற்று அருவிப் பக்கத்திலும் ஈரப் பாறைகளைப் பார்த்தால் பெரணி தெரியும். பார்த்து மகிழுங்கள், படம் எடுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள். பிடுங்கியது நம் வெயிலில் பெரும்பாலும் பிழைக்காது. நாற்றுப்பண்ணையில் வாங்குங்கள், அல்லது தோழியிடம் கேளுங்கள்.

கிணற்றுச் சுவர்

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பள்ளியின் பின்புறத்துப் பழைய கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கல்லடுக்கின் இடுக்குகளில் ஏணி போன்ற நீண்ட இலைகளோடு தொங்குகிறதே, அது டெரிஸ் விட்டாட்டா. சுண்ணாம்பை விரும்பும் பெரணி. மற்றப் பெரணிகள் பலவும் வெறுக்கும் சுண்ணாம்புக் காரையில்தான் இது மகிழ்ந்து வளரும். நம் ஊருக்கென்றே படைத்தது போன்றது. மண்ணிலுள்ள ஆர்செனிக் என்ற கொடிய நஞ்சை உறிஞ்சித் தன் இலையில் சேர்த்துக்கொள்ளும் ஆற்றல் இதற்கு உண்டு என்று 2001-ல் அமெரிக்க அறிஞர்கள் கண்டறிந்து வியந்தனர். யாரும் நடவில்லை, யாரும் நீர் ஊற்றவில்லை. கிணற்றின் ஈர மூச்சே அதை வளர்க்கிறது.

என் இளமையில் எங்கள் தெருவில் இருந்த கிணறுகளிலெல்லாம் இந்தப் பச்சை இருந்தது. ஆழ்குழாய்கள் வந்தபின் கிணறுகள் வற்றின; வற்றியபின் குப்பை கொட்டினர்; பிறகு மூடினர். பெரணி முதலில் போயிற்று. தண்ணீர் போயிற்று என்பதை மக்கள் பின்னரே உணர்ந்தனர். சிங்கமுகக் கிணறு வெட்டிய கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் மாவட்டத்தை அண்டை வீடாகக் கொண்டவர்கள் நாம்.

பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதி நம் கிணற்றையும் மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்துள்ளது. அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஒரு குழந்தையின் உயிரைவிடச் செடி பெரிதன்று. ஆனால் உறுதியான இரும்புக் கம்பி மூடி போட்டால் குழந்தைக்கும் பாதுகாப்பு, கிணற்றுக்கும் உயிர். கூரை மழைநீரை மணல், ஜல்லி வழியே வடிகட்டி அதில் விடலாம். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் அல்லவா? திருத்தந்தை பிரான்சிஸ், படைப்பைப் பேணுவது குறித்து 2015-ல் எழுதிய சுற்றுமடலில், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் மடத்துத் தோட்டத்தின் ஒரு மூலையை எப்போதும் பண்படுத்தாமல், தானாக முளைப்பவற்றுக்கே விட்டுவைக்கச் சொன்னதை நினைவூட்டுகிறார். நம் பள்ளிக்கு அந்தக் கிணறு அத்தகைய மூலையாக இருக்கட்டும் என்று, மதிப்புக்குரிய தலைமைச் சகோதரியையும் பெற்றோர் சங்கத்தினரையும் பணிவோடு வேண்டுகிறேன்.

அந்தத் தாய்க்கு இப்போது என் விடை: அம்மா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. தண்ணீர் இல்லாத ஊரில் ஒரு பெண்பிள்ளை பெரணி வளர்த்தால், எந்த நீர் வீணாகிறது, எங்கே நிழல் இருக்கிறது, எப்போது கிணறு வற்றுகிறது என்று தினமும் கவனிக்கப் பழகுவாள். நாளை ஒரு வீட்டையோ ஊரையோ நடத்தப் போகிறவளுக்கு அந்தப் பழக்கம் வேண்டும். வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, என் வகுப்பறை வாசலில் வாளிலைப் பெரணியின் குட்டிகள் சிறு தொட்டிகளில் காத்திருக்கும். உங்கள் மகளை ஒன்று எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். விலை இல்லை. காய்கறி அலசிய தண்ணீரை மட்டும் இனிக் கீழே ஊற்றிவிடாதீர்கள்.